பாலக்காட்டுக் காற்றடிக்கும் ஊரில் நீச்சல் குளத்துக்குச் சோலார்: எதை, எவ்வளவு வாங்குவது?

பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்கு மார்கழி, தை மாதங்களில்தான் சிக்கல். பகலெல்லாம் நல்ல வெயில் அடித்தும் காலையில் பிள்ளைகள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். காரணம், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து அடிக்கும் வறண்ட காற்று. குளத்து நீரை வெயிலில் சூடாக்கும் சோலார் பேனலின் விலையை விசாரிக்கும் முன் இந்தக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

1. குளத்தை அளந்து பாருங்கள்

25 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பு 300 சதுர அடி, தண்ணீர் சுமார் 34,000 லிட்டர். இதை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 40 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். காலை ஆறு மணிக்கு, மேற்பரப்பிலிருந்து ஓரடி ஆழத்தில் தெர்மாமீட்டரை விட்டு ஒரு வாரம் குறித்து வையுங்கள். வீட்டுக் குளத்துக்கு 28 டிகிரி இருந்தால் போதும். எத்தனை டிகிரி குறைகிறதோ, அதுதான் நீங்கள் ஈடுகட்ட வேண்டியது.

2. முதலில் மூடி, பிறகு பேனல்

குளம் இழக்கும் சூட்டில் பெரும்பங்கு ஆவியாகத்தான் போகிறது. ஒரு லிட்டர் ஆவியாக முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் எடுத்துக்கொள்ளும். காற்று அடிக்கும் நாளில் நீர்மட்டம் 5 மில்லிமீட்டர் இறங்கினால், இந்தக் குளத்தில் 140 லிட்டர் போயிற்று, கூடவே 95 யூனிட் சூடும். அதாவது இரண்டு டிகிரிக்கு மேல். 200 சதுர அடி பேனல் நல்ல வெயில் நாளில் கொடுப்பது சுமார் 55 யூனிட்தான். மூடி இல்லாமல் பேனல் போடுவது வீண் செலவு என்று தயங்காமல் சொல்லலாம்.

மூடிக்கு 400 அல்லது 500 மைக்ரான் தடிமனுள்ள குமிழ் ஷீட் வாங்குங்கள். குமிழ்ப் பக்கம் தண்ணீரைத் தொட வேண்டும். குளோரின் அதிகமாகப் போட்ட அன்று மூடினால் ஷீட் சீக்கிரம் பொடிந்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைப் பாதுகாப்பு மூடியாக நினைக்கவே கூடாது. யார் குளிக்க இறங்கினாலும் முழுதாகச் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

3. எந்த வகை?

குளியலறைக்குப் போடும் கண்ணாடிக் குழாய் ஹீட்டரைக் கடைக்காரர் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது 60 டிகிரித் தண்ணீருக்கானது. போர்வெல் உப்புத் தண்ணீரில் உள்ளே சுண்ணாம்பும் படியும். செம்புக் குழாய்த் தட்டில் குளத்து நீரை நேரடியாக ஓட்டினால், தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 7.2-க்குக் கீழே இறங்கும்போது செம்பு அரித்துச் சுவரில் பச்சைக் கறை பிடிக்கும். குளத்துக்கு ஏற்றது கண்ணாடி இல்லாத கறுப்பு பாலிபுரொப்பிலீன் பேனல் அல்லது ரப்பர் மேட். மூணாறு மாதிரி உறைபனி விழும் ஊரில் இது எடுபடாது. அங்கே, காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் மின்கருவியான ஹீட் பம்ப்தான்.

4. எவ்வளவு, எங்கே?

மூடி இருந்தால் மேற்பரப்பில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 200 சதுர அடி. மொட்டை மாடி காற்றுக்குத் திறந்திருந்தால் 80 சதவீதம் வையுங்கள், ஏனென்றால் கண்ணாடி இல்லாத பேனலிலிருந்து காற்று சூட்டைத் திருடும். தெற்குப் பார்த்து, 20 முதல் 25 டிகிரிச் சாய்வு. தென்னையைக் கவனியுங்கள்: மார்கழி நண்பகலில் 50 அடி மரத்தின் நிழல் வடக்கே 34 அடி நீளும், காலையிலும் மாலையிலும் இன்னும் அதிகம். தேங்காய் விழும் எல்லைக்குள்ளும் பேனல் வேண்டாம்.

5. பிளம்பருக்குச் சொல்ல வேண்டியது

வரிசை: பம்ப், ஃபில்டர், செக் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது), மூவழி வால்வு (தண்ணீரைப் பேனலுக்கோ நேரே குளத்துக்கோ திருப்புவது), பேனல், கடைசியில் குளோரினேட்டர். செக் வால்வு இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் மாடியிலிருந்து இறங்கும் தண்ணீர் ஃபில்டரைப் பின்னோக்கித் தள்ளி அழுக்கைக் குளத்தில் கொட்டும். மேலே காற்று உள்ளே வர வேக்குவம் வால்வு கட்டாயம். இல்லையென்றால் இறங்கும் நீர் பேனலை உறிஞ்சி நசுக்கும். தண்ணீர் ஒரு மூலையில் கீழே நுழைந்து, எதிர் மூலையில் மேலே வெளியேற வேண்டும். தண்ணீர் இல்லாத பேனல் வெயிலில் நன்றாகச் சூடேறும், சாதாரண யு.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் இளகும்; ஆகவே பேனலை ஒட்டிய சில அடிகளுக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய் போடச் சொல்லுங்கள்.

பேனலுக்குத் தண்ணீரைத் தானாக விடவும் நிறுத்தவும் வைக்கும் கன்ட்ரோலருக்கு இரண்டு வெப்பநிலை சென்சார்: ஒன்று பேனல் பக்கத்தில் அதே வெயிலில், மற்றது பம்புக்கும் ஃபில்டருக்கும் இடைப்பட்ட குழாயில். இரண்டுக்கும் வித்தியாசம் 4 டிகிரி வந்தால் பேனலுக்குத் தண்ணீர் ஓடவும், 2-க்கு இறங்கினால் நிற்கவும் அமையுங்கள்.

6. ஓட்டிப் பார்ப்பது

200 சதுர அடிக்கு மணிக்கு 4,000 லிட்டர் ஓட வேண்டும். நண்பகலில் குளத்தில் விழும் தண்ணீர், உள்ளே போனதைவிட 2 அல்லது 3 டிகிரிதான் கூடியிருக்கும். கையில் வெதுவெதுப்பே தெரியவில்லை என்று பலர் வால்வை இறுக்கி ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். அப்போது வரும் தண்ணீர் சுடும், ஆனால் பேனலும் சூடாகி வெப்பத்தைக் காற்றுக்கே விட்டுவிடும். குளத்துக்கு வந்து சேர்வது குறையும். சித்திரையில் குளம் அளவுக்கு மீறிச் சூடானால், மூடியை எடுத்துவிட்டு இரவில் அதே பேனல் வழியே பம்பை ஓட்டுங்கள், தண்ணீர் குளிரும்.