டெம்ப்ளேட் வாங்குமுன் தமிழை ஏற்றிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் மணவறை அலங்காரம், கேட்டரிங், தையல் என்று தொழில் நடத்துகிறவர் இணையத்தளம் தொடங்க ஆயத்த டெம்ப்ளேட்டே, அதாவது முன்கூட்டியே வடிவமைத்த பக்கமே, தாராளமாகப் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்காக வரையப்பட்டவை. ஆகவே மாதிரிப் பக்கத்தின் அழகைப் பார்த்துக் காசைக் கட்டிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் கையில் உள்ளதை எடுத்து வையுங்கள்: என்னென்ன சேவைகள், ஒரு தலைக்கு எத்தனை ரிங்கிட், நல்ல படங்கள் எத்தனை. எட்டுப் படங்கள்தான் தேறுகின்றன என்றால் முப்பது படம் கேட்கும் டெம்ப்ளேட் உங்களுக்கு ஆகாது. பாதிப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். மாதிரியில் உள்ள படங்கள் பல டெம்ப்ளேட்டுகளில் காட்சிக்கு மட்டுமே, அவற்றைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இருக்காது.

அடுத்தது தமிழ்ச் சோதனை. காசு கட்டாமலே செய்யலாம். கணினியில் குரோமில் மாதிரிப் பக்கத்தைத் திறந்து, தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். தெரியும் ஆங்கில வரியை இரட்டைக் கிளிக் செய்து ‘திருமண மணவறை அலங்காரமும் வாழையிலை விருந்தும்’ என்று ஒட்டுங்கள். மெனுவிலும் ‘தொடர்புக்கு’, ‘விலைப்பட்டியல்’ என்று மாற்றுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கைப்பேசித் தோற்றம் வரும். அகலத்தை 360 பிக்சல் ஆக்குங்கள். உங்கள் வாடிக்கையாளர் பார்க்கப்போவது பெரும்பாலும் இந்த அளவில்தான்.

இப்போது உற்றுப் பாருங்கள். ‘வி’யின் மேல்வளைவும் ‘ரு’வின் கீழ்வளைவும் வெட்டுப்படுகின்றனவா? ஆங்கிலத் தலைப்புகளுக்கு வரி உயரத்தை 1.1 அல்லது 1.2 என்று இறுக்கி வைப்பார்கள். தமிழுக்கு அது போதாது. தலைப்புக்கு 1.5, பத்திக்கு 1.7 வைத்தால் எழுத்து மூச்சுவிடும். எழுத்து இடைவெளியைக் கூட்டியிருந்தால் பூஜ்யமாக்குங்கள், இல்லாவிட்டால் சொற்கள் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும். ஆங்கிலத்தில்போல் தலைப்பை முழுக்கக் கேப்பிடல் எழுத்தாக்கித் தனித்துக் காட்டும் அமைப்பு தமிழில் வேலை செய்யாது. நமக்குக் கேப்பிடல் எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாதே. அளவையோ தடிமனையோ கூட்டித்தான் தலைப்பைப் பிரித்துக் காட்ட முடியும்.

எழுத்துருவில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாப்பின்ஸ், பிளேஃபேர் டிஸ்ப்ளே போன்றவற்றில் தமிழ் எழுத்தே இல்லை. உலாவி அந்தந்தக் கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும்; விண்டோஸில் ஒரு முகம், ஆண்ட்ராய்டில் வேறொரு முகம். கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், கட்டமரன் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றே ஒன்றை எடுத்து, 400 (சாதாரணம்), 700 (தடித்தது) என இரண்டு தடிமன் மட்டும் ஏற்றுங்கள். 700ஐ விட்டுவிட்டால் உலாவி தானாகத் தடிமனாக்கும், ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். பழைய எழுத்துருவில் அடித்த அறிவிப்புகளை அப்படியே ஒட்டினால் புரியாத குறிகள்தான் வரும். எல்லாக் கருவியும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலில் தட்டச்சு செய்கிறவர்களும் அது யூனிகோடில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரந்தோறும் விலையோ படமோ மாறும் தொழிலுக்கு, நிரல் தொடாமலே பக்கத்தை மாற்றவிடும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் தீம் (அதன் டெம்ப்ளேட்) சரி. வருடத்துக்கு இரண்டு முறைதான் மாற்றுவீர்கள் என்றால் சாதாரண ஹெச்டிஎம்எல் டெம்ப்ளேட் போதும். பராமரிப்புத் தொல்லை குறைவு. வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் தேடும்போது கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பாருங்கள். ஈராண்டாகத் தொடாததை விட்டுவிடலாம். காசுக்கு விற்கும் தீம் ஒன்றை யாராவது இலவசமாகக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் திருட்டு நிரல் ஒளிந்திருப்பது வழக்கம். தீமின் நிரலைத் திருத்துவதாக இருந்தால் மூலத் தீமைத் தொடாமல் அதன் மேல் இயங்கும் துணைத் தீமான சைல்ட் தீமில் திருத்துங்கள், நேரடியாகத் திருத்தியதெல்லாம் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். இலவச டெம்ப்ளேட்டின் உரிமத்தையும் படியுங்கள்: ஹெச்டிஎம்எல்5 அப் தளத்தின் டெம்ப்ளேட்டுகளில் வடிவமைத்தவர் பெயர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

ஹெச்டிஎம்எல் டெம்ப்ளேட்டில் இருக்கும் தொடர்புப் படிவம் பெரும்பாலும் வெறும் தோற்றம். பின்னால் அனுப்பும் நிரல் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் எழுதியது உங்களிடம் வராது, அவரோ பதிலுக்குக் காத்திருப்பார். அதை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் இணைப்பை வையுங்கள். 012 என்று தொடங்கும் எண்ணை அதில் 6012 என்று எழுத வேண்டும். கூட்டல் குறி, கோடு, இடைவெளி எதுவும் கூடாது. படிவமே வேண்டும் என்றால், பெயரும் எண்ணும் வாங்கும் வியாபாரத்துக்கு 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அறிவிப்பு தேவை. அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், தமிழில் போடுவது கூடுதல்.

படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவில் 200 கிலோபைட்டுக்குள் அடக்குங்கள். தோட்டத்துக்குள் லைன் மெலிந்த இடத்தில் நான்கு மெகாபைட் படம் திறக்குமுன் ஆள் போய்விடுவார். கோப்புப் பெயர்கள் அனைத்தும் சிறிய ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். பெயரில் பெரிய எழுத்தும் இணைப்பில் சிறிய எழுத்தும் இருந்தால், உங்கள் விண்டோஸில் தெரியும் படம் லினக்ஸ் சர்வரில் காணாமல் போகும். எல்லாம் சரியாக இருந்தும் படம் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

வெளியிடுமுன் பக்கத்தின் பெயரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கூகுளில் உங்கள் கடைக்குப் பதில் டெம்ப்ளேட்டின் பெயர்தான் தெரியும். மாதிரி மின்னஞ்சல், மாதிரி முகவரி, ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கும் பொருளற்ற நிரப்பு வரிகள் எங்காவது தங்கியிருக்கிறதா என்று தேடுங்கள். வேர்ட்பிரஸில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டி டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். டெம்ப்ளேட்டின் மூல ஜிப் கோப்பையும், நீங்கள் மாற்றி முடித்த பிரதியையும் தனித்தனியாக ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள்.