யாழ்ப்பாண வெக்கையில் கார்ட்டூன் வீரர்களைச் சேர்ப்பது எப்படி

கார்ட்டூன் வீரர்களின் பொம்மைகளைச் சேர்ப்பதென்றால், முதலில் ஒரு கார்ட்டூன் தொடரைத் தெரிவு செய்யுங்கள். ஒன்றே ஒன்று. எல்லா சூப்பர் ஹீரோக்களும் வேணும் என்று தொடங்கியவர்களின் அலுமாரியில் ஆளுக்கொரு உயரத்தில், ஆளுக்கொரு காலத்துப் பொம்மைகள் நெரிபட்டுக்கொண்டு நிற்கும். ஒரு தொடரும் முழுதாக இருக்காது. எந்தத் தொடரின் முகப்பு இசை கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு ரிவி பக்கம் திரும்புவீர்களோ, அதையே எடுங்கள். என்னுடையது 1992 செப்டெம்பரில் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய பேட்மேன். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் எக்ஸ்-மென் தொடங்கியது. ஸ்பைடர்மேன் 1994இல். உங்களுக்கு என்னைவிட வயது கூட என்றால் 1983இல் வந்த ஹீ-மேன் பிடிக்கும்.

இவற்றை வந்த காலத்திலேயே பார்க்க இங்கே பலருக்குக் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளின் முதற்பாதியில் போரால் குடாநாட்டில் கரண்ட் இல்லை, பற்றரியும் தடை செய்த சாமான். ஜெனரேற்றர் பிடித்துக் கசற்றில் பார்த்தவர்கள், கொழும்புக்குப் போன இடத்தில் பார்த்தவர்கள், சமாதான காலத்தில் சிடி வாங்கிப் பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை. வீட்டில் இருந்த விளையாட்டுச் சாமான்களும் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. வெளிநாட்டு வழிகாட்டிகளில், அம்மா அப்பா வீட்டில் பழைய பெட்டிகளைக் கிளறிப் பாருங்கள் என்றுதான் முதல் யோசனை இருக்கும். அது எங்களுக்குப் பொருந்தாது. எங்களுடைய பொம்மைகள் கடல் தாண்டித்தான் வரவேண்டும்.

தொடரைத் தெரிந்தபிறகு, பழையதா புதியதா என்று முடிவெடுங்கள். பேட்மேன் தொடருக்கு அந்தக் காலத்தில் பொம்மை செய்தது கென்னர் கம்பனி. கிட்டத்தட்ட ஐந்து அங்குல உயரம், கழுத்து, தோள், இடுப்பு என்று மூட்டுகள் குறைவு. கடையில் பேட்மேனைத் திரும்பத் திரும்ப விற்கவேண்டும் என்பதற்காகத் தொடரில் ஒருநாளும் போடாத நிறங்களில் எல்லாம் அவருக்கு உடுப்பு மாட்டியிருக்கிறார்கள். திரையில் பார்த்த சாம்பல் உடுப்பு வேண்டுமென்றால் ‘கொம்பற் பெல்ற் பேட்மேன்’ என்று தேடுங்கள். கென்னரில் உண்மையான வடிவு வில்லன்களிடம்தான் இருக்கிறது. குடையோடு பெங்குவின், சிரிப்பு வாயுத் துவக்கோடு ஜோக்கர், பூச்செடி ஆயுதத்தோடு பொய்சன் ஐவி. ஒரு பேட்மேனையும் இந்த வில்லன்களையும் சேர்த்தால் மனதுக்கு நிறைவாக இருக்கும். மற்றப் பேட்மேன்களுக்குக் காசைக் கொட்டவேண்டாம்.

புதியவை என்றால் டிசி கலெக்ரிபிள்ஸ் 2014 முதல் வெளியிட்ட ஆறங்குல வரிசை இருக்கிறது. அகன்ற தோள், ஒடுங்கிய கணுக்கால் என்று தொடரின் ஓவியத்தை அப்படியே பிடித்திருப்பார்கள். கணுக்கால் மெல்லியது என்பதால் கையாளும்போது கவனம் வேண்டும். எக்ஸ்-மென் பிரியர்கள் ஒன்றை மனதில் வைத்திருங்கள்: ரோய் பிஸ் கம்பனி அந்தப் பொம்மைகளைக் கார்ட்டூன் வரமுதலே, 1991இல் விற்கத் தொடங்கிவிட்டது. படக்கதைப் புத்தகத்தில் மட்டும் வந்த ஆட்களும் அதில் கலந்திருப்பார்கள். கார்ட்டூன் உருவம்தான் வேண்டும் என்றால், ஹஸ்ப்ரோ 2022இல் பழைய வீடியோக் கசற் உறை மாதிரிப் பெட்டியில் போட்டு வெளியிட்ட வரிசையைப் பாருங்கள். ஹீ-மேனிலும் பொம்மைதான் முந்தியது. மற்றெல் 1982இல் பொம்மையை விற்க, அடுத்த ஆண்டு கார்ட்டூன் வந்தது.

சரி, எங்கே எடுப்பது? நல்லூர்த் திருவிழாக் கடைகளிலும் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து வரும் சாமானிலும் பேட்மேன் இருப்பார். பிள்ளைகள் விளையாட வாங்கிக் கொடுங்கள். சேகரிப்புக்கு அவை சரிவராது. எங்களிடம் வேறொரு வழி இருக்கிறது. ரொறன்ரோவில் ஒரு மாமி, லண்டனில் ஒரு சித்தப்பா, சுவிஸில் ஒரு மச்சான் என்று ஆராவது இல்லாத வீடு இங்கே குறைவு. கனடாவில் கோடைகாலத்தில் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பார்கள், இங்கிலாந்தில் கார் பின்பெட்டியைத் திறந்து வைத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போடுவார்கள். பழைய பொம்மைகள் மலிவாகக் கிடைக்கும் இடங்கள் இவை.

ஆனால் மாமிக்கு பேட்மேனைத் தெரியாது. என்னுடைய மாமி முதலில் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி: “தம்பி, தலையிருக்கு, ரெண்டு கால் இருக்கு, கறுப்புச் சால்வை போட்டிருக்கிறார். காணுமே?” அதற்குப் பிறகு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். தேடும் பொம்மையின் படத்தை முதலிலேயே அனுப்பிவிடுவேன். அதில் ஆயுதம், மேலங்கி, கைத்துவக்கு என்று கூட வரவேண்டிய துண்டுகளைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுவேன். கடையில் நிற்கும்போது மூன்று படம் மட்டும் எடுங்கோ மாமி என்பேன்: முன்பக்கம், முதுகு, உள்ளங்கால். உள்ளங்கால் ஏன் என்று மாமி இப்போது கேட்பதில்லை. கம்பனியின் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கே அல்லது முதுகிலோ தொடையிலோ பொறித்திருக்கும்.

அந்த ஆண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் பதிப்புரிமை ஆண்டைத்தான் பொறிப்பார்கள். விற்ற ஆண்டு வேறாக இருக்கலாம். முதல் ஹீ-மேன் பொம்மைகளின் முதுகில் 1981 என்று இருக்கும், அவை கடைக்கு வந்தது 1982இல். எழுத்தே இல்லாமல் பாதம் மழமழவென்று இருந்தாலோ, எழுத்தின் விளிம்பு உருகினமாதிரி மங்கியிருந்தாலோ நகல் என்று சந்தேகப்படுங்கள். கண்ணின் மை வெளியே வழிந்திருப்பதும், கையில் எடுத்தால் பாரமில்லாமல் இருப்பதும் அதே சந்தேகத்தைக் கூட்டும். எக்ஸ்-மென்னில் சைக்ளொப்ஸ், ஸ்ரோர்ம் போன்ற வெளிச்சம் வரும் பொம்மைகளுக்குப் பற்றரிப் பெட்டியைத் திறந்து படமெடுக்கச் சொல்லுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அனுப்பும்போது கப்பல் பெட்டியில் போடுவதைவிட, ஊருக்கு வருபவரின் கைப்பையில் போடுவது நல்லது. கொள்கலன் வெயிலில் கிடக்கும், கூட வரும் சொக்லேற்றும் வாசனைத் திரவியமும் உடைந்தால் எல்லாம் போச்சு. பத்திரிகைத் தாளில் நேரே சுற்ற வேண்டாம், அச்சு மை மென்மையான பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தித் துணி போதும். றப்பர் பான்ட் போட்டுக் கட்டவும் வேண்டாம்.

வந்தவுடன் கழுவவேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு துளி, மென்மையான பல் பிரஷ். தின்னர், பெற்றோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒன்றும் கிட்டவும் வரக்கூடாது. நிறமும் போகும், பிளாஸ்டிக்கும் கரையும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு சொல்: சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஊறுவதால் கல்சியம் கூட. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளை, கறுப்பு மேலங்கியிலும் புள்ளி புள்ளியாகப் படியும். கடைசி அலசலுக்கு மாரி மழைத் தண்ணீரையோ வடிகட்டிய குடிதண்ணீரையோ எடுங்கள். உள்ளே வில்லுக்கம்பி உள்ளதை, உதாரணமாக இடுப்பைத் திருப்பிவிட்டால் தானே திரும்பி அடிக்கும் ஹீ-மேனை, தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும், கம்பி துருப்பிடிக்காது.

கால் வளைந்து நிற்க மறுக்கும் பொம்மை வந்தால் கவலைப்படத் தேவையில்லை. கொதித்து இறக்கிய தண்ணீரில் அந்தக் காலை மட்டும் அரை நிமிடம் பிடியுங்கள், மெதுவாக நேராக்கிக் குளிர் தண்ணீரில் உடனே வையுங்கள். அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். இறுகிப்போன மூட்டையும் ஒருநாளும் பலவந்தமாகத் திருப்ப வேண்டாம், இதே சூடு இளக்கிவிடும். பற்றரி கசிந்த இடத்தைப் பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடையுங்கள், பிறகு ஈரப்பஞ்சு, பிறகு நன்றாக உலரவிடுங்கள்.

இனி வைக்கும் இடம். யாழ்ப்பாணத்தில் சேகரிப்பவர் அதிக நேரம் செலவழிக்கவேண்டியது இதற்குத்தான். கென்னர் பொம்மைகள், அந்தக் கம்பனி இருந்த அமெரிக்க ஒகையோவின் காலநிலையில் வாழப் பிறந்தவை. எங்களிடம் சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி, மாரியில் பூஞ்சணம், ஆண்டு முழுக்க உப்புக்காற்று. மென்மையான பிளாஸ்டிக்கை இளக்க அதில் ஒரு எண்ணெய் கலந்திருப்பார்கள். வெக்கையில் அது மெல்ல மெல்ல வெளியே கசிந்து, பொம்மை கையில் ஒட்டத் தொடங்கும். காற்றுப்புகாத பெட்டியில் பூட்டினால் அந்த ஒட்டல் இன்னும் கூடும். அதனால் தகரக் கூரைக்குக் கீழே உள்ள மேல்மாடி அறை வேண்டாம். நடுமுற்றம் உள்ள பழைய நாற்சார வீட்டின் உள் அறை கிடைத்தால் அதைவிட நல்ல இடமில்லை. கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி, கதவில் சிறு இடைவெளி, உள்ளே மூலைக்கு ஒரு சிலிக்கா ஜெல் பை. புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வருவதைச் சேர்த்துவைத்தாலே காணும். பூச்சி உருண்டை மட்டும் போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். அட்டையோடு உள்ள பொம்மைகள் இருந்தால் அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், கறையான் சுவர்வழியாகத்தான் வரும். ஜன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும், சிவப்பு வெளிறும்.

பேட்மேன் சேர்ப்பவர்களுக்கு ஒரு தனி ஆலோசனை. அந்தத் தொடரின் பின்னணிக் காட்சிகளைக் கறுப்புத் தாளில்தான் வரைந்தார்கள். கோதம் நகரம் அவ்வளவு இருட்டாக இருப்பதற்குக் காரணம் அதுவே. புத்தகக் கடையில் ஒரு கறுப்பு பிறிஸ்டல் போட் (தடித்த அட்டை) வாங்கி அலுமாரித் தட்டின் பின்னால் நிறுத்துங்கள், மேலே ஒரு சின்ன எல்ஈடி பல்ப். பெங்குவினும் ஜோக்கரும் அந்தக் கறுப்புக்கு முன்னால் திரையில் பார்த்தபடியே நிற்பார்கள். அட்டையின் அடியை ஒரு விரல் உயர்த்தி ஒட்டுங்கள். மாரியில் தட்டு ஈரம் இழுத்தாலும் அது சுருளாது.