கார் ஷெட் ஷட்டர் பாதியில் நிற்கிறதா? மலைவாசிகளுக்கான பராமரிப்பு

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் கார் ஷெட் ஷட்டர்கள் ஒரே மாதிரி மக்கர் பண்ணும். தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிடும். பூட்டுத் துளை சேராது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஸ்பிரிங் போச்சு" என்பார்கள். எங்கள் வீட்டு ஷட்டருக்கும் அதையேதான் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் நன்றாக இருந்தது. கோளாறு கீழே, இரண்டு பக்கச் சேனலின் (ஷட்டரின் ஓரங்கள் ஏறி இறங்கும் பள்ளமான இரும்புச் சட்டம்) அடியில். இந்த ஈர மலையில் ஷட்டர் கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். நல்ல விஷயம் என்னவென்றால், அந்தப் பகுதியை யாரும் பயமில்லாமல் சரிசெய்யலாம். ஆபத்து முழுக்க மேலே இருக்கிறது.

இங்கே சொல்வது கையால் இழுத்துத் தள்ளுகிற ரோலிங் ஷட்டருக்கு. மோட்டார் வைத்தவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் மேலே இருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஷட்டர் சுருளும் பெட்டிக்குள் ஒரு இரும்புப் பைப், அதைச் சுற்றி அகலத்துக்குத் தக்கபடி இரண்டு மூன்று ஸ்பிரிங். எட்டடிக்கு எட்டடி ஷட்டர், 18 கேஜ் (தகட்டின் கனத்தைச் சொல்லும் எண்) தகடு என்றால் எடை ஏறக்குறைய 75 கிலோ வரும். அதை ஒரு கையால் தூக்க முடிகிறதென்றால், மீதிச் சுமையை முறுக்கேறிய அந்த ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்கின்றன. ஷட்டர் முழுக்க இறங்கியிருக்கும்போதுதான் முறுக்கு மிக அதிகம். முழுக்க ஏற்றிவிட்டாலும் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்கும். அந்தப் பைப் சுழலாமல் பிடித்திருப்பவை இரண்டு முனையிலும் உள்ள 'யு' கிளாம்ப் போல்ட்டுகள். அதைத் தளர்த்தினால் பைப் ஒரே வீச்சில் சுழலும். கையில் இருக்கும் ரெஞ்ச் முகத்துக்கு வரும். ஆகவே பெட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம், தூசி தட்டலாம். அங்குள்ள எந்த நட்டிலும் ஸ்பேனர் வைக்காதீர்கள். அது ஷட்டர்காரர் வேலை, அவரும் துணைக்கு ஆள் வைத்துத்தான் செய்வார்.

சரி, வேலைக்கு வருவோம். காரை வெளியே எடுத்துவிடுங்கள். குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் வரக்கூடாது. தோல் கையுறை கட்டாயம். தகட்டு ஓரம் பிளேடு மாதிரி வெட்டும்.

முதலில் சோதனை. ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பிடியை மெல்லத் தளர்த்துங்கள். கையை முழுக்க எடுக்க வேண்டாம், பாதம் அடியில் இருக்கவே கூடாது. நின்ற இடத்தில் நின்றால், அல்லது மெதுவாக நகர்ந்தால், ஸ்பிரிங் நலம். தடதடவென்று இறங்கப் பார்த்தால் முறுக்கு குறைந்துவிட்டது, அல்லது ஒரு ஸ்பிரிங் உடைந்து மற்றவை சுமக்கின்றன. கையை உதறிக்கொண்டு மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம். இரண்டில் எதுவானாலும் கீழே இறக்கிப் பூட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் நாம் தொடக்கூடாது.

சோதனையில் தேறினால் சாக்பீஸ் எடுங்கள். ஷட்டரை அழுத்தாமல், அது தானாக எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு இறக்கி, அடித்தட்டு நிற்கும் உயரத்தை இரண்டு பக்கச் சேனலிலும் கோடு போடுங்கள். இடது கோடு உயரமாக இருந்தால் அடைப்பு இடது பக்கம். இரண்டும் சமமாக, ஆனால் தரைக்கு மேலே இருந்தால், இரண்டு பக்கமும் அடைப்பு. இன்னொன்றையும் கவனியுங்கள்: காலையில் இறுக்கமாக இருந்து நண்பகலில் இலகுவானால் அது குளிரில் இறுகிய கிரீஸின் வேலை. நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் சேனலில்தான் ஏதோ இருக்கிறது.

இப்போது ஷட்டரை முழுக்க மேலே ஏற்றி, அடித்தட்டுக்குக் கீழே இரண்டு சேனலிலும் ஆளுக்கொரு சி-கிளாம்ப் இறுக்கிவிடுங்கள். கிளாம்ப் பிடிக்க இடமில்லை என்றால் தரையிலிருந்து அடித்தட்டு வரை இரண்டு ஓரத்திலும் கனமான மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். வெறும் ஸ்பிரிங்கை நம்பி அடியில் குனியக்கூடாது.

சேனலின் அடிதான் என்னை மிகவும் அலைக்கழித்த இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஷெட் கட்டும்போது சேனலை நிறுத்திவிட்டு அப்புறம்தான் தரைக்குக் கான்கிரீட் போடுவார்கள். சேனலின் கால் கான்கிரீட்டுக்குள் புதைந்து, அடி மூடிய குழாய் மாதிரி ஆகிவிடும். அதற்குள் செம்மண் கரைசல், சில்வர் ஓக் சருகு, கொடைக்கானல் பக்கமானால் பைன் ஊசிகள். எல்லாம் மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறும். தண்ணீர் வெளியேற வழியே இல்லை. உள்பக்கம் துரு ஏறும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் சேனலின் வாய் உள்ளிருந்தே குறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது.

பழைய ஹாக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, சேனலுக்குள் விட்டுக் கடைசி வரை சுரண்டுங்கள். முதலில் மண் வரும், அப்புறம் சருகு, கடைசியில் தகடு தகடாகத் துரு. பிளேடு கீழே 'ணங்' என்று கான்கிரீட்டில் மோதும் வரை விடக்கூடாது. 'சத்' என்று மந்தமாகக் கேட்டால் இன்னும் மண் இருக்கிறது. பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கி நின்றால், தரை மட்டத்துக்குச் சற்று மேலே சேனலின் வெளிமுகத்தில் 8 மி.மீ. டிரில்லால் ஒரு துளை போடுங்கள். இந்த ஒரு துளை எந்த ஸ்ப்ரேயைவிடவும் அதிக பலன் தரும். டிரில்லுக்கு முன் சேனலைத் துடைத்து உலர்த்துங்கள். ஈரத் தரையில் நின்று கரண்ட் கருவி பிடிக்க வேண்டாம்.

சேனலின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தகட்டுக்குள் இறங்கினால் சேனல் கால் உளுத்துவிட்டது. வெல்டரை வைத்து அடிப்பகுதி ஒரு அடியை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு வைக்கலாம். முழு ஷட்டரையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். ஷட்டர் கடைசி ஒரு சாணில் நிற்கும்போது அடித்தட்டில் ஏறி மிதிக்காதீர்கள். அடைப்பு அப்படியே இருக்கும், ஷட்டர் தகட்டில் ஒன்றோடொன்று கோத்திருக்கும் குறுக்குப் பட்டிகளில் கடைசி மூன்று நான்குதான் வளையும். வளைந்த பட்டி ஏறும்போது சேனலில் மாட்டும். அப்புறம் அந்தப் பட்டியை மாற்றும் செலவு வேறு.

துருவுக்கு: துருப்பிடித்த இடத்தில் மட்டும் கம்பி பிரஷ். கால்வனைஸ் பூச்சு நன்றாக இருக்கும் இடத்தில் கம்பி பிரஷ் போட்டால் துத்தநாகமே உரிந்துவிடும், அங்கே நைலான் பிரஷ் போதும். தேய்த்த இடத்துக்கு ஜிங்க் ஸ்ப்ரே என் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் ரெட் ஆக்சைடு ஒரே ஒரு மெல்லிய கோட். சேனலின் உள்பக்கம் கனமாகப் பெயிண்ட் அடித்தால் வாய் மறுபடி குறுகும். நன்றாகக் காய வேண்டும். மூடுபனி நாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

மசகுக்கு சிலிகான் ஸ்ப்ரே வாங்குங்கள். சேனலின் உள்பக்கம் மெல்லிய பூச்சு, பட்டிகள் ஒன்றோடொன்று கோக்கும் மடிப்பில் கொஞ்சம், பூட்டுக்குள் துளி. டபிள்யூடி-40 துருவை இளக்க நல்லது, ஆனால் மசகாக நெடுநாள் நிற்காது. கிரீஸும் பழைய என்ஜின் ஆயிலும் செம்மண்ணைப் பிடித்துச் சாந்தாக்கிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது, நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கும் கீழேதான். இன்னொரு காரணமும் உண்டு: சமையல் எண்ணெய் வாடைக்குக் கரடி வரும் என்பது கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பட்டி ஏதாவது ஒரு பக்கமாக நகர்ந்து நீட்டிக்கொண்டிருந்தால், ஷட்டரைக் கீழே இறக்கி, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டி வரிசைக்குக் கொண்டுவாருங்கள். திரும்பத் திரும்ப நகர்ந்தால் ஓரத்து ரிவெட் கிளிப் விழுந்திருக்கும்.

வேலை முடிந்ததும் முட்டுகளையும் கிளாம்புகளையும் எடுத்துவிட்டு, நான்கைந்து முறை முழுக்க ஏற்றி இறக்குங்கள். சாக்பீஸ் கோடு எங்கே இருந்தது, இப்போது அடித்தட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ரோட்டிலிருந்து ஷெட்டுக்கு இறக்கமாக வழி இருக்கிற வீடுகள் மலையில் அதிகம். அப்படியானால் ஷட்டருக்கு வெளியே குறுக்காக ஜாலி மூடிய வாய்க்கால் ஒன்று வெட்டியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் மேலே சொன்ன சுரண்டல் வேலைதான்.

மோட்டார் வைத்தவர்களுக்கு: எந்த வேலைக்கும் முன் எம்.சி.பி.யை (மின் பெட்டியில் அந்த லைனுக்குரிய சுவிட்ச்) அணைத்துவிடுங்கள். ரிமோட்டை மேசையில் வைப்பது போதாது, வீட்டில் யாராவது எடுத்து அழுத்தலாம். பக்கவாட்டுத் தாழ்ப்பாள் போட்டிருக்கும்போது மோட்டார் ஓடினால் பட்டிகள் நசுங்கிவிடும். ஆகவே தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், அல்லது தாழ் போட்டால் மின்சாரம் துண்டிக்கும் சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். சென்சார் கண்ணாடியில் பனி நீர் படிந்தால் ஷட்டர் இறங்க மறுக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கரண்ட் போனால் கையால் இயக்கும் சங்கிலி எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இன்றே காட்டிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவிலிருந்து ஒரு வாசகர், ஜனவரிக் காலைகளில் அடி ரப்பர் தரையோடு ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருந்தார். அது உறைபனி. மோட்டாரை ஓட்டாதீர்கள், ரப்பர் கிழியும் அல்லது பட்டி கழன்றுவிடும். அடித்தட்டு நெடுக மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். விடாவிட்டால் வெயில் வரும் வரை பொறுங்கள். கொதிநீர் ஊற்றினால் அந்தத் தண்ணீரே சேனலுக்குள் போய் மறுநாள் உறையும். முந்தின இரவு ஷட்டரை இறக்கும் முன் ரப்பர் படும் தரையை ஒரு முறை துடைத்து, ரப்பரில் சிலிகான் தடவிவிட்டால் ஒட்டாது. அவருக்கு இது பலித்தது.