ஜப்பானில் தனியாகச் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பானுக்கு வந்து தனியாக இருப்பவர்களில் பலர், கொன்பினி எனப்படும் இருபத்து நான்கு மணி நேரக் கடைகளில் கிடைக்கும் சோற்று உருண்டையையும் ரொட்டியையும் தின்றே மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள். மொழி தெரியாது, மெனுவில் படம் இருக்காது, தனியாக உட்கார்ந்தால் யாரேனும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களோ என்ற கூச்சம் வேறு. முதல் தவறே அந்தக் கூச்சம்தான். ராமென் கடை, மாட்டிறைச்சிச் சோறு விற்கும் கடை, ரயில் நிலையத்தில் நின்றபடி சோபா நூடுல்ஸ் சாப்பிடும் கடை எல்லாமே தனி ஆட்களை நம்பி நடப்பவை. இச்சிரான் ராமென் கடைகளில் ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவே தடுப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்ததும் காலியான மேசையில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். வாசலிலேயே நின்று ஒரு விரலைக் காட்டி "ஹிதோரி தெசு" (ஒருவர்தான்) என்றால் போதும், இடம் காட்டுவார்கள். பெரும்பாலும் அது கவுன்ட்டராக இருக்கும். நான்கு பேர் மேசை கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். சமையல் நடப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்பதால் கவுன்ட்டர்தான் நல்ல இடம் என்பேன். பல கடைகள் மதியம் இரண்டு மணியளவில் மூடி, மாலை ஐந்து மணியளவில்தான் மறுபடி திறக்கின்றன. வாசலில் நோரென் என்ற துணித்திரை தொங்கினால் கடை நடக்கிறது. அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டால் காத்திருந்து பயனில்லை.

புதியவர்கள் அதிகம் திணறுவது, வாசலருகே உணவுச் சீட்டு விற்கும் இயந்திரத்தின் முன்னால்தான். பொத்தான்கள் உள்ள பழைய வகையில் முதலில் பணத்தைப் போட வேண்டும். அப்போதுதான் அந்தப் பணத்துக்கு வாங்கக்கூடிய பண்டங்களின் பொத்தான்களில் விளக்கு எரியும். பணம் போடாமல் பொத்தானை அழுத்திவிட்டு, இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. எதை அழுத்துவது என்று தெரியாவிட்டால் இடதுபக்கம் மேலே இருப்பதை அழுத்துங்கள். பெரும்பாலான கடைகளில் அதுதான் கடையின் முக்கியமான பண்டம். பெரிய நோட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஆயிரம் யென் நோட்டை மட்டுமே ஏற்கும் இயந்திரங்கள் நிறைய இருக்கின்றன. 2024 ஜூலையில் வெளியான புதிய நோட்டுகளை ஏற்காத பழைய இயந்திரங்களும் உண்டு. சில்லறையாக நாணயங்கள் இருப்பது எப்போதும் நல்லது. வந்த சீட்டைக் கவுன்ட்டர் மேல் வைத்தால் ஆர்டர் முடிந்தது, ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

சைவ உணவுக்காரர்களும் மாட்டிறைச்சியை விலக்குகிறவர்களும் செய்யும் தவறு இதைவிடப் பெரியது. "இறைச்சி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டுத் தருவார்கள். ஆனால் தாஷி அப்படியே இருக்கும். சூரை வகை மீனைக் காயவைத்துச் சீவிய கட்சுவோபுஷியும் கொம்பு என்ற கடற்பாசியும் சேர்ந்து வெந்த சாறுதான் பெரும்பாலான கடைகளில் தாஷி. மிசோ சூப், உதோன், சோபா நூடுல்ஸ் வகைகள், வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் அது இருக்கும். பரிமாறுகிறவர் பொய் சொல்லவில்லை, தாஷியை அவர் மீன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. குளிர்ந்த தோஃபு என்று நம்பிக் கேட்டால் மேலே மீன் சீவல் தூவி வரும், உருளைக்கிழங்கு சாலடில் பன்றித் தொடை இறைச்சி ஒளிந்திருக்கும். ஜப்பானியக் கறியின் குழம்புக்கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருப்பது வழக்கம்.

எனவே இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஜப்பானியம் அறிந்த நண்பரிடம் ஒரு சிறிய அட்டையில் எழுதி வாங்கி, உட்காரும் முன்பே காட்டுங்கள். மாடு மட்டும்தான் தடை என்றால், மாட்டிறைச்சியைக் குறிக்கும் "கியூனிகு" வேண்டாம் என்று அட்டையில் எழுதச் சொல்லுங்கள். தொடர் உணவகங்கள் வெளியிடும் ஒவ்வாமைப் பட்டியல்களில் பலவற்றில் மாட்டுக்கும் பன்றிக்கும் தனிக் கட்டம் உண்டு. ஆனால் தாஷியில் சேரும் அந்தச் சூரை மீன் அதில் இடம்பெறாது; சைவர்கள் அந்தப் பட்டியலை மட்டும் நம்பினால் ஏமாறுவார்கள். கோகோ இச்சிபான்யா என்ற கறி உணவகத் தொடரின் பல கிளைகளில் விலங்குப் பொருள் சேராத கறி கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

பரிமாறுகிறவர் தானாக வருவார் என்று காத்திருக்க வேண்டாம். மேசையில் அழைப்புப் பொத்தான் இல்லையென்றால் "சுமிமாசென்" என்று தெளிவாகக் குரல் கொடுங்கள், அங்கே அது மரியாதைக்குறைவு ஆகாது. பில் சீட்டை எடுத்துக்கொண்டு வாசலருகே உள்ள கல்லாவுக்குப் போய், பணத்தைச் சிறிய தட்டில் வைக்க வேண்டும். டிப்ஸ் வைத்தால் மறந்துவிட்டீர்கள் என்று எண்ணித் தெருவரை ஓடி வந்து திருப்பித் தருவார்கள். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது. இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை அது.

இசகாயா எனும் மதுக்கடைகளில் நீங்கள் கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் உணவு வரும். அதற்குச் சில நூறு யென் பில்லில் சேரும். அது ஏமாற்று அல்ல, இருக்கைக் கட்டணம் போன்றது. அதற்காகக் கல்லாவில் வாக்குவாதம் செய்ய வேண்டாம். உண்மையான ஏமாற்று தெருவில் நிற்கிறது. டோக்கியோவில் ஷின்ஜுகுவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில் மாலை நேரத்தில், மலிவு என்று ஆங்கிலத்தில் அழைத்தபடி கூடவே நடந்து வரும் ஆட்களின் பின்னால் போகாதீர்கள். அப்படி ஆள் பிடிப்பதே அங்கே சட்டவிரோதம், ஒலிபெருக்கியிலும் எச்சரிக்கிறார்கள். போய் மாட்டிக்கொண்டு பல்லாயிரம் யென் பில் வந்தால், பணம் கொடுக்கும் முன் 110 என்ற எண்ணில் போலீசை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள கோபான் எனும் காவல் சாவடிக்குப் போங்கள்.