மொரோ பே நகரின் பழைய நிலத்தோற்ற வரைபடத்தைப் படிக்கும் முறை

கலிஃபோர்னியாவின் மொரோ பே என்னும் விரிகுடா நகரைக் காட்டும் பழைய நிலத்தோற்ற வரைபடம் கைக்குக் கிடைத்தால், கண் உடனே கடலோரத்து மொரோ பாறையைத்தான் தேடும். ஆனால் முதலில் படிக்க வேண்டியவை தாளின் ஓரக் குறிப்புகளே. நில அளவை நடந்த ஆண்டு, பதிப்பித்த ஆண்டு, மறு அச்சு ஆண்டு ஆகியவை அங்கே தனித்தனியே இருக்கும். படம் காட்டும் நிலம் அளவை நடந்த ஆண்டுக்குரியது என்பதால், மறு அச்சு ஆண்டை அதன் வயதாகக் கொள்ளக் கூடாது. ஊதா நிறத்தில் உள்ள சாலைகளும் கட்டடங்களும் பிற்பாடு வான்படங்களைப் பார்த்துச் சேர்க்கப்பட்டவை.

1:62,500 அளவுகோலில் வரைந்த பழைய தாளில் 1 செ.மீ. என்பது 625 மீட்டர். பிற்கால 1:24,000 தாளில் 240 மீட்டர். பின்னதில் இவ்வூர் வட தாள், தென் தாள் எனப் பிரிந்திருப்பதால் இரண்டும் தேவைப்படும்.

கடலோரப் படத்தில் மிகுந்த கவனம் கோருவது உயரக் கணக்கு. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் சராசரி கடல்மட்டத்திலிருந்தும், நீராழங்கள் தாழ் ஓத (கடல்நீர் ஏறி இறங்குவதே ஓதம்) மட்டத்திலிருந்தும் கணக்கிடப்படுகின்றன; கரைக்கோடோ உயர் ஓதத்தின்போது நீர் ஏறத்தாழ எட்டும் இடம். ஆகவே நிலத்தின் 20 அடியையும் நீரின் 20 அடியையும் கூட்டி 40 அடி என்று சொல்லிவிட முடியாது. இதை உணராமல் பழைய கரையையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிடுபவர், ஓதம் வடிந்த வேளையின் சேற்றுப்பரப்பைப் புதிதாக உருவான நிலம் என்று நம்பிவிடுவார்.

இனி பாறைக்கு வரலாம். சுமார் 580 அடி உயரத்தை மிகச் சிறிய இடத்தில் அடக்கியிருப்பதால், வெறுங்கண்ணுக்கு அது பழுப்புக் கறையாகவே தெரியும். பூதக்கண்ணாடியை வைத்தால்தான் கறை கோடுகளாகப் பிரியும். ஐந்துக்கு ஒன்றாகத் தடித்திருக்கும் கோடுகளைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் தவறு நேராது. 1889 முதல் 1969 வரை, அலைத்தடுப்புச் சுவர்களுக்காக இங்கே விட்டுவிட்டுக் கல் வெட்டினார்கள். 1930களில் பாறையின் வடபுறக் கால்வாயும் மூடப்பட்டது. அதற்கு முந்தைய அளவையில் பாறையைச் சுற்றி நீர் ஓடுவதைப் பார்க்கும்போது, அந்த ஒரு தாளைப் பத்திரப்படுத்த எவ்வளவு பாடுபட்டாலும் தகும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கணினியில் இன்றைய படத்தின்மேல் பொருத்துவதானால், தாளின் ஓரத்தில் குறித்துள்ள ஆதார அமைப்பை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணக்கிட அடிப்படையாகக் கொண்ட முறையை, மென்பொருளில் தேர்ந்தெடுங்கள். 1927ஆம் ஆண்டு அமைப்பில் உள்ள தாளை இன்றைய அமைப்பாகக் கொண்டால், இப்பகுதியில் எல்லாம் 100 மீட்டர் அளவுக்கு விலகிவிடும். பொருத்துபுள்ளிகளாகத் தாளின் நான்கு மூலைகளையும், பிளாக் ஹில் குன்றின் உச்சியையும் கொள்ளுங்கள். கரைக்கோட்டையோ மணல்திட்டின் முனையையோ ஒருபோதும் கொள்ள வேண்டாம்.