மதராவோவில் முதல் பவுடர்: பனிச்சறுக்குக்குப் புதியவர்களுக்கான செய்முறை

ஜப்பானில் பனிச்சறுக்கு என்றாலே எல்லோரும் ஹொக்கைடோவின் நிசெகோவைத்தான் சொல்வார்கள். அது நல்ல இடம்தான். ஆனால் இதுவரை காலில் ஸ்கீயே (சறுக்குப் பலகை) மாட்டாத ஒருவர் பவுடர் பனியில், அதாவது புதிதாக விழுந்து இன்னும் இறுகாத மாவு போன்ற பனியில், சறுக்க ஆசைப்பட்டால், நான் கைகாட்டுவது நாகானோ, நீகாதா மாகாணங்களின் எல்லையில் இருக்கும் மதராவோவை. மலையின் உயரம் 1,382 மீட்டர். சறுக்குதளத்தின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே 440 மீட்டர்தான். பெரிய மலைகளில் சறுக்கியவர்களுக்கு இது போதாமல் இருக்கலாம். புதியவருக்கு இந்த அளவுதான் வசதி. ஒரே லிஃப்டில் திரும்பத் திரும்ப ஏறி, ஒரே சரிவில் இறங்கி, அந்தச் சரிவின் மேடுபள்ளம் எல்லாம் மனப்பாடம் ஆகும்வரை பழகலாம்.

கீழே சொல்லப்போவது முழுக்க ஒரே யோசனையைச் சுற்றித்தான்: பவுடரைத் தேடி மரங்களுக்குள் ஓட வேண்டாம். இயந்திரம் ஓட்டிச் சீராக்கிய தடத்தின் ஓரத்திலேயே அது கிடக்கிறது. அங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

எப்போது போவது

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் போங்கள். சைபீரியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடந்து வருகிறது. அந்தக் கடலில் வெதுவெதுப்பான சுஷிமா நீரோட்டம் ஓடுவதால் காற்று வரும் வழியிலேயே ஈரத்தை வாரிக்கொள்கிறது. கரையை ஒட்டியே மலைகள் நிற்பதால் மேலே ஏறிக் குளிர்ந்து பனியாகக் கொட்டிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலில் ஈரம் வாங்கி வந்து நம் கரையில் மழையாகப் பெய்கிறதே, அதே வேலைதான். இங்கே அது பனியாக விழுகிறது.

எவ்வளவு கொட்டும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. மதராவோவுக்குக் கீழே ஓடும் ஈயாமா ரயில் பாதையில் மோரி மியானோஹாரா என்றொரு சிறு நிலையம். 1945 பிப்ரவரி 12 அன்று அங்கே 7.85 மீட்டர் பனி குவிந்திருந்தது. அந்த உயரத்தைக் காட்டும் கம்பம் இன்றும் நிலையத்தில் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால்தான் நுனி தெரியும்.

போய்ச் சேருவது

தோக்கியோவிலிருந்து ஹொகுரிகு ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதையில் ஈயாமா நிலையம், அங்கிருந்து பேருந்தில் சுமார் அரை மணி நேரம். ஹகுதகா என்ற ரயிலில் ஏறுங்கள். ககயாகி வேகமானது, ஆனால் ஈயாமாவில் நிற்காது. ஹகுதகாவில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பேருந்து அடிக்கடி கிடையாது. அதனால் முதலில் பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் ரயில் டிக்கெட் எடுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கு அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறைய திட்டங்களில் அது விதிவிலக்குப் பட்டியலில் இருக்கும்.

உடையும் வாடகைப் பொருளும்

பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரை உள்ளே இழுக்கும். உடலை ஒட்டி மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ, அதன்மேல் ஒரு ஃபிளீஸ், வெளியே நீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனால் இரண்டாவது முறை விழுந்ததுமே நனைந்துவிடும். பனி பெய்யும் நாளில் வெளிச்சம் மங்கிக் கிடக்கும் என்பதால் கண்ணாடிக்கு மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு லென்ஸ் வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடியில் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். தலைக்கவசம் கட்டாயம் போடுங்கள்.

பூட்ஸ்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஜப்பானில் காலளவை சென்டிமீட்டரில்தான் கேட்பார்கள். வீட்டிலேயே சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, பெருவிரல் நுனிவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பூட்ஸை மாட்டி நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்தால் விரல் பின்னுக்கு வந்து இடம் கிடைக்க வேண்டும். குதிகால் உள்ளே தூக்கக் கூடாது. தளர்வாக இருந்தால் சுகமாக இருப்பதுபோலத் தோன்றும், மதியத்துக்குள் கால் கொப்புளித்துவிடும். ஒரே ஒரு காலுறை, அதுவும் மெல்லியது. பேன்ட்டின் ஓரமோ உள்ளாடையின் மடிப்போ பூட்ஸுக்குள் மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

உயரம், எடை, பழக்கம் மூன்றையும் உள்ளபடி சொன்னால் கடைக்காரர் பைண்டிங்கை (பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைத்து, விழும்போது கழற்றிவிடும் பூட்டு) சரியாக அமைத்துத் தருவார். கௌரவத்துக்காக "கொஞ்சம் பழக்கம் உண்டு" என்று சொன்னால் விழும்போது ஸ்கீ கழன்று விடாமல் முழங்காலைத் திருகிவிடும். முதல் இரண்டு மூன்று நாளைக்கு ஒல்லியான சாதாரண ஸ்கீயே போதும். நடுப்பகுதி 95 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான பவுடர் ஸ்கீ ஆழமான பனியில் நன்றாக மிதக்கும். ஆனால் அடிப்படை பழகும்போது திருப்புவதற்குக் கனமாக இருக்கும்.

முதல் நாள்: சீராக்கிய தடம் மட்டும்

ஜப்பானிய வரைபடங்களில் பச்சை புதியவர்களுக்கு, சிவப்பு இடைநிலைக்கு, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. பச்சையைத் தாண்டாதீர்கள். முதல் நாள் காலையில் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சொல்லித்தருபவர்கள் மதராவோவில் இருக்கிறார்கள், முன்பதிவு செய்ய வேண்டும். சறுக்கத் தெரிந்த நண்பர் எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும் அவரை ஆசிரியராக்காதீர்கள். மேலே கூட்டிப்போய் விட்டுவிடுவார்.

நிற்கும் நிலையை முதலில் சரிசெய்யுங்கள். கணுக்கால் மடங்கி, கீழ்க்காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கில் படிய வேண்டும். இரண்டு கைகளும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கை பின்னால் போனால் உடம்பும் பின்னால் போகும். ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து வால்களை விரித்து ஆப்பு வடிவில் நிறுத்தப் பழகுங்கள். அடுத்து அதே ஆப்பு வடிவில் இடமும் வலமும் திரும்புங்கள். இடப்பக்கம் திரும்ப வலக்காலை அழுத்த வேண்டும், வலப்பக்கம் திரும்ப இடக்காலை.

லிஃப்டில் ஏறும்போது கோல்களின் கயிற்றை மணிக்கட்டிலிருந்து கழற்றி, இரண்டையும் ஒரே கையில் பிடியுங்கள். மறுகையால் நாற்காலியைப் பிடியுங்கள். சின்ன சறுக்குதளங்களில் தடுப்புக் கம்பி இல்லாத பழைய இருவர் லிஃப்ட் இன்னும் ஓடுகிறது. முதுகை ஒட்டி ஆழமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். பயமாக இருந்தால் ஊழியரைப் பார்த்துக் கை காட்டுங்கள், வேகத்தைக் குறைப்பார்கள். நாற்காலியில் விழுந்த பனியை ஒவ்வொருவருக்கும் துடைப்பத்தால் தட்டிவிட்டுத் தலையசைக்கும் அந்த ஊழியர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பச்சைத் தடத்தில் நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா? இரண்டு பக்கமும் தொடர்ந்து திரும்ப முடிகிறதா? சரிவுக்குக் குறுக்கே நின்று பக்கவாட்டில் வழுக்கி இறங்க முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஓரத்துக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னொரு நாள் இங்கேயே இருங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

ஓரத்தில் பழகுவது

இரவில் பனி பெய்து நின்ற காலை. இயந்திரம் தடத்தின் நடுவைச் சமப்படுத்திவிட்டுப் போயிருக்கும். இரண்டு விளிம்பிலும் ஓர் ஆள் அகலத்துக்குக் கை படாத பனி மிச்சம் இருக்கும். பத்து, பதினைந்து சென்டிமீட்டர் ஆழம்தான் நமக்கு வேண்டியது. சீக்கிரம் போங்கள். பத்து மணிக்குள் மற்றவர்கள் உழுதுவிடுவார்கள்.

முதலில் திரும்பவே வேண்டாம். தடத்திலிருந்து மெதுவாக ஓரத்துக்குள் நுழைந்து, நேராகப் போய், மீண்டும் தடத்துக்கு வாருங்கள். உள்ளே நுழைந்த கணமே யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல வேகம் குறையும். உடம்பு முன்னே தள்ளும். கணுக்கால் தளர்வாக இருந்தால் அந்த இழுப்பைத் தாங்கிவிடலாம். விறைப்பாக நின்றால் முகம் குப்புற விழுவீர்கள். கீழே பார்த்தால் ஸ்கீ தெரியாது. பூட்ஸுக்குக் கீழே வெள்ளை மட்டும் நகரும். சத்தமும் அடங்கிவிடும். தடத்தில் கேட்ட கரகரப்பு இங்கே இருக்காது. இந்த உணர்வு பழகும்வரை நேராகவே போய் வாருங்கள்.

அடுத்தது துள்ளல். போகும்போதே முழங்காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, ஒரு தாளம் பிடியுங்கள். மடக்கும்போது பனி அமுங்கும், நீட்டும்போது ஸ்கீ மேலே வரும். மேலே வரும் அந்த நொடியில்தான் திருப்புவது சுலபம்.

இப்போது திருப்பம். தடத்தில் கற்றதில் ஒரு விஷயத்தை இங்கே மாற்ற வேண்டும். அங்கே வெளிக்காலில், அதாவது வளைவின் வெளிப்பக்கத்துக் காலில், எடையைப் போட்டீர்கள். பவுடரில் அப்படிச் செய்தால் எடை உள்ள ஸ்கீ மூழ்கும், மற்றது மிதக்கும், கால்கள் பிரிந்து விழுவீர்கள். இரண்டு பாதங்களையும் நெருக்கி, எடையை ஏறக்குறைய சமமாகப் பகிர்ந்து, இரண்டு ஸ்கீயையும் ஒரே பலகையாகத் திருப்புங்கள். ஆப்பு வடிவமும் இங்கே வேலை செய்யாது, விரித்த வால்கள் பனியில் சிக்கிக்கொள்ளும். அவசரமாகத் திருகாமல் அகலமான வளைவாகத் திரும்புங்கள்.

பவுடரில் பின்னால் சாய வேண்டும் என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பின்னால் சாய்ந்தால் தொடை எரியும், முன்நுனி சொன்ன பேச்சைக் கேட்காது. பாதத்தின் நடுவில் நில்லுங்கள். இன்னொன்று, வேகத்துக்குப் பயந்து ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தாதீர்கள். பனியே பிரேக் போடுகிறது. கொஞ்சம் வேகம் இருந்தால்தான் ஸ்கீ மிதக்கும்.

விழுந்தால்

விழுவீர்கள், வலிக்காது. எழுவதுதான் பாடு. பனி ஆழமாக இருக்கும் இடத்தில் கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போகும். இரண்டு கோல்களையும் பெருக்கல் குறிபோலப் பனிமேல் படுக்க வைத்து, நடுவில் கையை அழுத்தி எழுங்கள். அதற்கு முன் ஸ்கீ இரண்டும் உங்களுக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும்.

ஸ்கீ கழன்று காணாமல் போனால் கீழே தேடாதீர்கள். பெரும்பாலும் நீங்கள் கிடக்கும் இடத்துக்கு மேலேதான் புதைந்திருக்கும். விழுந்த இடத்திலிருந்து மேல்நோக்கிக் கோலால் குறுக்காகக் கீறிக்கொண்டே போங்கள். கிடைத்ததும் பனியை மிதித்து ஒரு மேடை உண்டாக்கி, பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட்டு, முதலில் கீழ்ப்பக்கத்து ஸ்கீயை மாட்டுங்கள்.

மரங்களும் கயிறுகளும்

மதராவோவின் புகழே மரங்களுக்கு இடையே சறுக்கும் தடங்களால்தான். புதியவர் அங்கே போகக் கூடாது. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில், தண்டைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தலைகீழாக உள்ளே விழுந்தவர் தானே வெளியே வருவது மிகக் கடினம், பனி மூச்சை அடைத்துவிடும். நன்றாகப் பழகிய பின் போனாலும் துணை வேண்டும், அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கழுத்தில் விசில் வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் தண்டையோ கிளையையோ பிடித்துத் தலையை மேலே வையுங்கள்.

கயிறு கட்டிய இடத்தைத் தாண்டவே கூடாது. பக்கத்து நோசாவா ஒன்சென் கிராமத்தில், எல்லை தாண்டிப் போய் மாட்டிக்கொண்டவரிடமே மீட்புச் செலவை வசூலிக்க உள்ளூர் விதியே இருக்கிறது. கயிற்றுக்கு அப்பால் கால்தடங்கள் தெரியும். அவை யாருடையவை, எங்கே போகின்றன என்று உங்களுக்குத் தெரியாது.

சாப்பாடும் மாலையும்

மதிய உணவுக்கு விடுதி உணவகத்தில் இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். கறி ரைஸும் (குழம்பு ஊற்றிய சோறு) ராமெனும் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்) எங்கும் கிடைக்கும். சைவர்கள் கவனிக்க: காய்கறி மட்டும் தெரிந்தாலும் ஜப்பானியக் கறிக் குழம்பில் மாட்டுக்கொழுப்போ பன்றிச்சாறோ கலந்திருப்பது சகஜம், சூப்பில் மீன்சாறு இருக்கும். கையில் ஏதாவது கொண்டுபோங்கள்.

மாலையில் வெந்நீர் ஊற்றுக் குளியலைத் தவறவிடாதீர்கள், தொடை வலிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. தொட்டியில் இறங்குமுன் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். உடை எதுவும் கூடாது. பச்சை குத்தியிருந்தால் அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள்.

தூங்கப் போகும் முன் பூட்ஸின் பக்கிள்களைத் திறந்து, நாக்கை முன்னே இழுத்து, உலர்த்தும் அறையில் வையுங்கள். கையுறைகளையும் அங்கேயே மாட்டுங்கள். ஈரப் பூட்ஸோடு காலையில் பச்சைத் தடத்துக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துவிடும், ஓரத்துப் பவுடரை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.