ஹார்மோன் ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளும் திருநங்கையர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாராவாரம் போட வேண்டிய ஊசிக்கு ஒவ்வொரு முறையும் கிளினிக் வாசலில் காத்திருக்க முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவருக்கும், அவினாசியிலிருந்து கோவைக்குப் பஸ் ஏறி வருகிறவருக்கும் அது ஒரு நாள் கூலி. அதனால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளப் பழகுவதில் தவறே இல்லை. சர்க்கரை நோயாளிகள் தினமும் செய்கிற வேலைதான். முதல் இரண்டு மூன்று ஊசியை மட்டும் ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களின் பயமெல்லாம் ஊசி தோலில் இறங்கும் அந்த நொடியைப் பற்றியே இருக்கிறது. பெரிய கேடுகளோ அதற்கு முன்பே, மருந்துக் கடையிலும் சிரிஞ்சின் கோட்டிலும் தொடங்கிவிடுகின்றன. ஆகவே அங்கிருந்து ஆரம்பிப்போம்.

பெயர் பார்க்காமல் வாங்குவது

மருத்துவர் எழுதித் தரும் ஊசி பெரும்பாலும் எஸ்ட்ராடயால் வேலரேட் என்ற ஈஸ்ட்ரோஜன். நம்மூர் மருந்துக் கடைகளில் புரோகைனான் டிப்போ என்ற பெயரில் வருவது இதுதான்: கழுத்தை உடைத்துத் திறக்கும் 1 மி.லி. கண்ணாடிக் குப்பியில், அதாவது ஆம்பியூலில், 10 மி.கி. மருந்து. இதே அலமாரியில் புரோலூட்டான் டிப்போ என்று இன்னொன்று இருக்கும். பெயர் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், மருந்து முற்றிலும் வேறு. அது ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன், கர்ப்பிணிகளுக்காக எழுதப்படுவது. அதில் ஈஸ்ட்ரோஜன் துளியும் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' கருத்தடை ஊசியும் அப்படித்தான். "ஹார்மோன் ஊசி கொடுங்க" என்று வாயால் கேட்டு வாங்காதீர்கள். சீட்டைக் காட்டி வாங்குங்கள். ஆம்பியூல் மேல் எஸ்ட்ராடயால் வேலரேட் என்று இருக்கிறதா, எத்தனை மி.கி., காலாவதி எப்போது என்று கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஊசி கிடைக்காத மாதத்தில் மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரையை நாலைந்தாகச் சேர்த்து விழுங்குவது பழைய பழக்கம். மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்தது என்பதால் பலர் கேள்வி கேட்பதில்லை. அந்த மாத்திரையில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடயால் என்ற வேறு வகை ஈஸ்ட்ரோஜன். ரத்தம் உறையும் ஆபத்து இதில் அதிகம் என்பதால்தான் திருநங்கையர் சிகிச்சையிலிருந்து இதை விலக்கிவிட்டார்கள். வழக்கமான எஸ்ட்ராடயால் ரத்தப் பரிசோதனையில் இது தெரியவும் தெரியாது. உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது மருத்துவர் கண்ணுக்கே மறைந்துபோகும்.

மி.கி.யையும் மி.லி.யையும் குழப்புவது

மி.கி. என்பது மருந்தின் எடை. மி.லி. என்பது அது கரைந்திருக்கும் எண்ணெயின் அளவு. 10 மி.கி./மி.லி. ஆம்பியூலில் 4 மி.கி. வேண்டுமென்றால் 0.4 மி.லி., 5 மி.கி. என்றால் 0.5 மி.லி. வெளிநாட்டிலிருந்து வரும் பாட்டில்களில் 20, 40 மி.கி./மி.லி. அடர்த்தியும் உண்டு. 40 மி.கி. பாட்டிலில் அதே 0.5 மி.லி. இழுத்தால் 20 மி.கி. ஏறிவிடும், நாலு மடங்கு. "நான் அரை மில்லி போடறேன், நீயும் அரை மில்லி போட்டுக்க கண்ணு" என்ற அறிவுரை இதனால்தான் ஆபத்தானது.

இன்சுலின் சிரிஞ்சில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். நம்மூரில் இரண்டு வகை விற்கிறார்கள். சிவப்பு மூடி போட்டது மி.லி.க்கு 40 யூனிட், ஆரஞ்சு மூடி போட்டது மி.லி.க்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு என்றால் அரை மி.லி., அதாவது 10 மி.கி./மி.லி. மருந்தில் 5 மி.கி. ஆரஞ்சில் அதே 20-ஆம் கோடு வெறும் 0.2 மி.லி., 2 மி.கி. மேலும் அதில் ஒட்டியிருக்கும் ஊசி மயிரிழை போல மெல்லியது; எண்ணெய் மருந்து அதில் நகராது, தசை வரை எட்டவும் எட்டாது. மி.லி. கோடு போட்ட 1 மி.லி. அல்லது 2 மி.லி. சிரிஞ்சை வாங்குங்கள். ஊசியைத் திருகிப் பூட்டும் வகையாக, லூயர் லாக் என்று கேட்டு வாங்கினால் நல்லது. வெறுமனே செருகும் வகையில், கெட்டியான எண்ணெயை அழுத்தும்போது ஊசி கழன்று மருந்து பீய்ச்சி அடிக்கும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் இன்னொரு ஆம்பியூலை உடைப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள், அந்த வாரம் குறைந்தது குறைந்ததாகவே இருக்கட்டும்.

கூட்டினால் சீக்கிரம் மாறும் என்ற நம்பிக்கை

அமெரிக்க எண்டோகிரைன் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் எஸ்ட்ராடயால் வேலரேட்டுக்குச் சொல்லும் வார அளவு 2 முதல் 10 மி.கி. பலருக்கு அதன் கீழ்ப்பாதியே போதுமானதாக இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் வயது, ஈரல், ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மார்பு வளர்ச்சி முழுமையடைய இரண்டு மூன்று ஆண்டு ஆகும். கொழுப்பு இடம் மாற அதைவிடவும் கூடுதலாக ஆகலாம். இரட்டை டோஸ் போட்டால் இந்தக் காலம் பாதியாகாது. ரத்தம் உறையும் ஆபத்துதான் ஏறும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். குரல் உடையாததுபோல் மாறுவதும், தாடி அடியோடு போவதும் எந்த டோஸிலும் நடக்காது. அதற்குக் குரல் பயிற்சியும் லேசரும்தான் வழி. ஊசியைக் கூட்டி அந்த ஏமாற்றத்தைத் தீர்க்க முடியாது.

ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரண்டாகப் போடக் கூடாது. ஓரிரு நாள் தாமதம் என்றால் நினைவு வந்த அன்றே போட்டுவிட்டு, அடுத்த ஊசியை அங்கிருந்து எண்ணுங்கள்.

ஆம்பியூலில் நடக்கும் பிழைகள்

சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவிய பிறகுதான் எதையும் தொட வேண்டும். ஆம்பியூலை உள்ளங்கையில் மூடி ஐந்து நிமிடம் வைத்திருந்தால் எண்ணெய் இளகும். குன்னூர்ப் பக்கத்துக் குளிருக்கு இது கட்டாயம். அடுப்பிலோ கொதிநீரிலோ சூடு காட்ட வேண்டாம். கழுத்துப் பகுதியில் தங்கிய மருந்தை விரலால் தட்டிக் கீழே இறக்குங்கள். கழுத்தைச் சுற்றி ஸ்பிரிட் பஞ்சு அல்லது காஸ் துணி பிடித்து, கழுத்தில் உள்ள புள்ளி உங்களைப் பார்த்தபடி இருக்க, உங்களிடமிருந்து எதிர்ப்பக்கமாக உடையுங்கள். வெறுங்கையால் உடைத்து விரல் கிழிந்தால் அந்த ஆம்பியூல் போச்சு.

இழுக்க ஒரு ஊசி, போட ஒரு ஊசி. இழுப்பதற்கு இளஞ்சிவப்புக் கழுத்துள்ள 18 கேஜ் (கேஜ் என்பது ஊசியின் தடிமன் அளவு). கண்ணாடித் துகள் அடியில் தங்கும் என்பதால் முனையை அடிமட்டத்தில் உரசாமல் இழுங்கள். வடிகட்டி வைத்த ஊசி கிடைத்தால் அதுவே உத்தமம். தேவைக்கு ஒரு துளி கூடுதலாக இழுத்து, ஊசியை மாற்றி, நிமிர்த்திப் பிடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். முனையில் ஒரு சொட்டு தெரிந்த பிறகு பிஸ்டனை உங்கள் அளவுக் கோட்டில் நிறுத்துங்கள். ஊசி மாற்றும் முன்பே அளவை நிறுத்திவிட்டால், புதிய ஊசியின் உள்ளே நிற்கும் எண்ணெய் அளவுக்கு ஒவ்வொரு வாரமும் மருந்து குறையும்.

அடுத்தது மிச்ச மருந்து. 0.4 மி.லி. போக மீதி 0.6 ஆம்பியூலில் நிற்கிறது, காசு போட்டு வாங்கியது, கீழே ஊற்ற மனசு வராது. அதனால் சிலர் பிளாஸ்டர் ஒட்டி ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள், சிலர் சிரிஞ்சிலேயே இழுத்து அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்கிறார்கள். உடைத்த ஆம்பியூல் ஒரே தடவைக்கானது. திறந்த நொடியிலிருந்து கிருமிக்கு வழி திறந்துவிடுகிறது. அதைத் தொடைக்குள் செலுத்தினால் சீழ்க்கட்டி வரலாம், அதை அறுத்து எடுக்கும் செலவு மிச்ச மருந்தின் விலையைவிட எவ்வளவோ அதிகம். மருந்து வீணாவதுதான் வெசனம் என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆம்பியூலின் அளவுக்குப் பொருந்துகிற மாதிரி டோஸையும் இடைவெளியையும் மாற்றி எழுத முடியுமா என்று அவர் பார்ப்பார்.

ஒரே வீட்டில் இருவர் ஒரு ஆம்பியூலைப் பங்கு போடுவதும் இதே கணக்கிலிருந்து வருவதுதான். ஒருவர் குத்திய ஊசி மறுபடி மருந்தில் நனைந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் அதன் வழியே போகும். ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சைப் பயன்படுத்துவதும் சம ஆபத்துதான், ஏனென்றால் ரத்தம் சிரிஞ்சுக்குள்ளும் ஏறியிருக்கும். குரு, மகள், தோழி யாராக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

மருந்தை ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை. ஆனால் சித்திரை வெயிலில் கரூரிலோ ஈரோட்டிலோ வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துச் சுற்றவும் கூடாது. வீட்டில் நிழலான, வெளிச்சம் படாத பெட்டி போதும்.

குத்தும் இடம்

தாமே போட்டுக்கொள்ள நல்ல இடம் தொடையின் வெளிப்பக்கம். இடுப்பெலும்பு முட்டிலிருந்து முழங்கால் வரை மூன்றாகப் பிரித்தால் வருகிற நடுப்பாகம். பிட்டத்தில் தாமே குத்திக்கொள்வதைத் தவிர்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திரும்பிக்கொண்டு குத்தும்போது, காலுக்கு ஓடும் பெரிய நரம்பில் பட்டால் கால் மரத்துப்போகலாம். எங்கே குத்தினாலும் மின்சாரம் அடித்ததுபோல் கால் வழியே வலி ஓடினால் உடனே ஊசியை வெளியே எடுத்துவிடுங்கள்.

தசையில் போட 23 கேஜ், நீலக் கழுத்து, ஒல்லியானவர்களுக்கு 1 அங்குலம், சதைப்பற்றுள்ளவர்களுக்கு ஒன்றரை அங்குலம். ஸ்பிரிட் தடவி 30 நொடி காய விடுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும். உட்கார்ந்து, காலைத் தளர்த்தி, 90 டிகிரியில் தயங்காமல் இறக்குங்கள். பயந்து பயந்து மெல்ல அழுத்துவதுதான் அதிகம் வலிக்கும். மருந்தை மட்டும் நிதானமாகத் தள்ளுங்கள், அரை மி.லி.க்கு ஐந்தாறு நொடி. தள்ளி முடித்ததும் பத்து நொடி பொறுத்து எடுத்தால் எண்ணெய் வந்த வழியே திரும்பி வராது. பஞ்சு வைத்து அழுத்தினால் போதும், தேய்க்க வேண்டாம். இந்த வாரம் இடது, அடுத்த வாரம் வலது. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கட்டி தட்டி, மருந்து ஒழுங்காக ஏறாது. தோலுக்கு அடியில் போடச் சொன்னால் ஊசி நீளமும் கோணமும் வேறு. அதை நர்ஸிடம் தனியாகக் கற்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையைத் தவறான நாளில் எடுப்பது

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை. ஊசி போட்ட இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்தால் எஸ்ட்ராடயால் உச்சத்தில் இருக்கும், மருத்துவர் தேவையில்லாமல் டோஸைக் குறைப்பார். எந்த நாளில் எடுக்க வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் அதே நாளில் எடுங்கள். அடுத்த ஊசிக்கு முந்தைய காலை என்பது வசதியான ஏற்பாடு. ரிப்போர்ட்டில் ஊசி போட்ட தேதியை எழுதிவையுங்கள். பொதுவான இலக்கு எஸ்ட்ராடயால் மி.லி.க்கு 100 முதல் 200 பிகோகிராம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே. முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள், அது முடிவைத் திரிக்கும்.

மற்ற மருந்துகள்

டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலேக்டோன் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் தேங்கலாம். பொள்ளாச்சி இளநீரைத் தினம் இரண்டு மூன்று குடிக்கிற பழக்கம் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், கூடிப்போனால் இதயத் துடிப்பே தடுமாறும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமாஸெபைனும் ஈஸ்ட்ரோஜனைச் சீக்கிரம் கரைத்துவிடும். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு ஹார்மோன் போடுவது பெருந்தவறு. இரண்டையும் சேர்த்து எடுக்கலாம், இரு மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நிர்வாணம், அதாவது விதை எடுக்கும் அறுவை சிகிச்சை, முடிந்தவுடன் "இனி எதுக்கு ஊசி" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. விதை எடுத்த பிறகு உடம்பில் சொந்த ஹார்மோன் ஏறக்குறைய இல்லை. ஈஸ்ட்ரோஜனும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் போனால் எலும்பு தேய்ந்து, சிறு வயதிலேயே இடுப்பு ஒடியும் நிலை வரலாம். நிறுத்த வேண்டியது டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கும் மாத்திரையைத்தான், அதுவும் மருத்துவர் சொல்லி.

ஊசியைக் குப்பையில் போடுவது

பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள், விரலில் குத்துவது அப்போதுதான். காலியான கெட்டியான பினாயில் பாட்டிலில் போட்டுத் திருகி மூடி வையுங்கள், முக்கால் நிறைந்ததும் டேப் சுற்றி அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒப்படையுங்கள். தெருக் குப்பையில் போட்டால் அது குத்தப்போவது தூய்மைப் பணியாளர் கையை. வேறொருவர் ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. வழி தெரியாவிட்டால் 1097-ஐ அழையுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் வலிப்பது சாதாரணம். இரண்டு நாளுக்குப் பிறகும் சிவந்து, சுட்டு, வீங்கிக்கொண்டே போனால், காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். போட்ட கையோடு இருமல் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்; சில நிமிடத்தில் அடங்காவிட்டால் மருத்துவமனை. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ 108-க்குப் போன் செய்யுங்கள், "ஈஸ்ட்ரோஜன் ஊசி போடுகிறேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோவையிலிருந்து சென்னைக்கு இரவு முழுக்க பஸ்ஸில் போவதென்றால் வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நாலு எட்டு நடங்கள், தண்ணீர் குடியுங்கள். கழிப்பறையில் யார் என்ன சொல்வார்களோ என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்கள் பலர். ரத்தம் உறைவதற்கு அதுவும் வழிவிடும்.